மூட்டுச் சத்தம்: எதை விடலாம், எதற்கு ஓட வேண்டும்

சத்தம் போடுகிற முட்டியைப் பார்த்துப் பயந்து என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். சத்தமே போடாமல் மூன்று மாதமாக வீங்கிக் கிடக்கிற முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பவர்களும் நிறையப் பேர். முதல் ஆளைத் தைரியம் சொல்லி அனுப்பிவிடலாம். இரண்டாம் ஆள்தான் வந்திருக்க வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிசியோ வேலை பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இது தலைகீழாகவே நடப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மூட்டுகள் சும்மா இருந்த மூட்டுகள் அல்ல. விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து ரப்பர் பால் வெட்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள். காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்து மேடு இறங்கியவர்கள் இருக்கிறார்கள். இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையில் அண்ணாந்து பார்த்துக் குலை வெட்டுகிறவர்களும், குந்தி உட்கார்ந்து உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு குலை 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரை கனக்கும். அப்படி உழைத்த மூட்டு நாற்பது வயதுக்கு மேல் கொஞ்சம் பேசத்தான் செய்யும்.

சத்தத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஐந்து கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சத்தம் வரும்போது வலிக்கிறதா? மூட்டு வீங்கியிருக்கிறதா? நடுவில் சிக்கிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ முடியாமல் போகிறதா? நடக்கையில் கால் திடீரென்று விட்டுவிடுகிறதா? விழுந்தோ, திருகியோ, அடிபட்டோ ஆரம்பித்ததா? ஐந்துக்கும் ‘இல்லை’ என்றால் அடுத்த பகுதி மட்டும் உங்களுக்குப் போதும். ஒன்றுக்காவது ‘ஆமாம்’ என்றால் உங்கள் மூட்டு எங்கே வருகிறதோ அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள்.

காய்ச்சலோடு ஒரு மூட்டு சூடாகச் சிவந்து, தொடவிடாமல் வலித்தால் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

“டக்” என்று ஒரு தடவை, வலி இல்லை, உடனே மறுபடி செய்தால் வருவதில்லை

என் பாட்டி வெள்ளிக்கிழமை சாயந்தரம் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் திருஷ்டி கழிப்பார். இரண்டு கையாலும் எங்கள் முகத்தை வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்துவார். சடசடவென்று நெட்டி முறியும். “பாத்தியா, எவ்வளவு கண்ணு!” என்பார். முதலில் நிற்கிற அண்ணனுக்கு எல்லா விரலும் சொடுக்கும். அடுத்து எனக்கு ஒன்றோ இரண்டோ. மூன்றாவதாக நிற்கிற தங்கைக்கு ஒன்றுகூட வராது. அவள் அழுவாள்.

அதற்கான காரணம் பாட்டியின் விரல் மூட்டுக்குள் இருந்தது. மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அதற்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பான நீர். அந்த நீரில் வாயு கரைந்திருக்கும், பெரும்பாலும் கரியமில வாயு. விரலை இழுத்தாலோ மடக்கி அழுத்தினாலோ எலும்பு முனைகள் சட்டென்று விலகுகின்றன, உள்ளே அழுத்தம் விழுகிறது, கரைந்திருந்த வாயு குமிழாக வெளியே வருகிறது. சோடா போத்தலின் மூடியைத் திறந்தால் நுரைக்கிறதே, அதே சங்கதி. வந்த வாயு மறுபடி நீரில் கரைய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அதுவரை அந்த மூட்டு எவ்வளவு அழுத்தினாலும் சொடுக்காது. அண்ணனுக்கு முறித்த விரல்களைத்தான் பாட்டி தங்கைக்கும் மடக்கினார்.

1947இல் லண்டனில் இரண்டு ஆய்வாளர்கள் விரலை இழுத்து எக்ஸ்ரே எடுத்தே இதைப் பார்த்துவிட்டார்கள். 2015இல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்ஆர்ஐ கருவிக்குள் விரலை வைத்து இழுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூட்டுக்குள் ஒரு வெற்றிடம் உண்டாவது அதில் தெரிந்தது. சத்தம் குமிழ் உண்டாகும்போது வருகிறதா, அது சுருங்கும்போது வருகிறதா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. 2018இல் வந்த ஒரு கணித ஆய்வு, குமிழ் பாதி சுருங்கினாலே இந்தச் சத்தம் வரும் என்கிறது. இரண்டில் எதுவானாலும் எலும்பு எலும்போடு மோதுகிற சத்தம் அல்ல இது.

“நெட்டி முறிச்சா கை நடுங்கும், வாதம் வரும்” என்று நம் வீடுகளில் சொல்வது போலவே அமெரிக்காவில் டொனால்ட் உங்கர் என்ற டாக்டருக்கும் அவர் அம்மா சொல்லியிருக்கிறார். அவர் இடது கை விரல்களை மட்டும் தினமும் இரண்டு தடவையாவது முறித்தார், வலது கையை விட்டுவிட்டார். 50 வருடம் அப்படிச் செய்து பார்த்து, இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். ஓர் ஆளை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் 2011இல் 215 பேரின் கை எக்ஸ்ரேயை வைத்துச் செய்த ஆய்விலும் இதேதான் கிடைத்தது. முறிக்கிறவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு விரல் மூட்டுத் தேய்மானம் இருந்தது, முறிக்காதவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு. 1990இல் வந்த ஒரு பழைய ஆய்வு மட்டும், முறிக்கிறவர்களுக்குக் கை வீக்கமும் பிடி பலவீனமும் அதிகம் என்றது. அதிலும் மூட்டுவாதம் அதிகமாக இல்லை.

ஆகவே சோதனை இதுதான். மூட்டைச் சொடுக்குங்கள், உடனே மறுபடி முயன்று பாருங்கள். வரவில்லை, வலியும் இல்லை என்றால் வாயு. விட்டுவிடலாம். ஒவ்வொரு தடவையும், அதே கோணத்தில் வந்தால் அது வாயு இல்லை. ஒரு நாணோ (தசையை எலும்போடு கட்டுகிற நார்) குருத்தெலும்போ உரசுகிறது என்று அர்த்தம். அதுவும் வலியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆனால் சொடுக்கினால்தான் நிம்மதி என்று ஒரே இடத்தைத் திருகித் திருகிச் சொடுக்கிக்கொண்டே இருந்தால், அங்கே வேறு ஏதோ வலிக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

படி ஏறும்போதும் குந்தி எழும்போதும் முட்டி “நறநற”

இதற்குத்தான் அதிகப் பேர் பயப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாற்காலியில் உட்காருங்கள். உள்ளங்கையை முட்டிச் சில்லின் மேல் கவிழ்த்து வைத்து, காலை மெதுவாக நீட்டி மடக்குங்கள். உள்ளே ஆற்று மணலைக் கசக்குவது மாதிரி கையில் உறுத்தினால், அது சில்லின் உள்பக்கம் தொடை எலும்பின் பள்ளத்தில் ஓடுகிற உரசல். குருத்தெலும்பின் மேல்பரப்பு வயதாக ஆக முன்பு போல வழவழப்பாக இருப்பதில்லை. அந்தச் சொரசொரப்புதான் கைக்குத் தெரிகிறது. வலியே இல்லாத எத்தனையோ முட்டிகளிலும் இதே உறுத்தலை என் கை பார்த்திருக்கிறது.

இதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது என்றும் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 3,495 பேரைச் சில வருடங்கள் தொடர்ந்து பார்த்து, 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. முட்டியில் எப்போதும் சத்தம் வருகிறது என்றவர்களுக்கு, சத்தமே இல்லை என்றவர்களைவிட, பின்னால் வலியோடு கூடிய தேய்மானம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு இருந்தது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் ஏற்கெனவே தேய்மானம் இருந்தது, வலி மட்டும் வரவில்லை. சத்தம் இருந்தும் வலி வராதவர்கள்தான் அதிலும் அதிகம். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஐம்பது வயதில் முட்டி நறநறத்தால் அது தொடையைப் பலப்படுத்தச் சொல்லிக் கிடைத்த முன்னறிவிப்பு. உட்கார்ந்துவிடச் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் ஊரில் உட்கார்ந்துதான் விடுகிறார்கள். “எலும்பு தேயுதுன்னு டாக்டர் சொன்னாரு, அதான் நடக்கறதையே விட்டுட்டேன்” என்று ஒரு அக்கா சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. நடக்காத காலில் தொடைத் தசை கரையும், கரைந்தால் முட்டிக்குத்தான் பாரம் ஏறும், வலி கூடும், இன்னும் நடக்க மாட்டார். இந்த வட்டத்தை உடைப்பதுதான் வைத்தியம்.

முதல் பயிற்சி: கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக் கூடாது, இறங்குகிற அந்த மூன்று எண்ணிக்கையில்தான் தொடை வேலை செய்கிறது. பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. முடியாதவர்கள் நாற்காலியின் மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டாவது: படுத்துக்கொண்டு ஒரு காலை மடக்கி, மறுகாலை நேராக நீட்டித் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி ஐந்து எண்ணுங்கள். வாரத்துக்கு நான்கு நாளாவது செய்ய வேண்டும், பலன் தெரிய ஆறு வாரத்துக்கு மேல் பிடிக்கும். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வரை வலி தங்கினால், அல்லது முட்டி வீங்கினால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

எடையைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். உடம்பில் 1 கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முட்டி தாங்குகிற பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று 2005இல் வந்த ஆய்வு காட்டியது. 5 கிலோ குறைத்தவருக்கு அடிக்கு 20 கிலோ. தேத்தண்ணீரில் ஊற்றுகிற பாலைக் குறைப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

குளுக்கோசமின் மாத்திரை வாங்கலாமா என்று கேட்பார்கள். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம் தன் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியில் முட்டித் தேய்மானத்துக்கு அது வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு நல்ல சப்பாத்து வாங்குங்கள் என்பேன்.

சத்தம் இருக்கோ இல்லையோ, முட்டி உப்பியிருக்கிறது

கைலியை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு, அல்லது சேலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, இரண்டு முட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துப் பாருங்கள். சில்லின் இரண்டு பக்கமும் இருக்கிற பள்ளம் ஒரு காலில் மட்டும் காணாமல் போயிருக்கிறதா? இப்போது ஒரு கையால் சில்லுக்கு மேலே தொடையை வளைத்துப் பிடித்துக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். மறுகையின் இரண்டு விரலால் சில்லை நேராக அழுத்துங்கள். முன்பு பால் எடுக்க மரத்தில் தேங்காய்ச் சிரட்டை கட்டுவார்கள். மழை பெய்து வாளித் தண்ணீரில் அந்தச் சிரட்டை மிதந்தால், விரலால் அமுக்கினால் அமிழ்ந்து எழும்பும். சில்லு அப்படி அமிழ்ந்து எழும்பினால் உள்ளே நீர் கோத்திருக்கிறது.

நீர் கோத்த முட்டிக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. தேய்மானமா, கிழிசலா, யூரிக் அமிலமா, வாதமா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். தைலம் அதைக் கண்டுபிடிக்காது. ஒரு வாரத்துக்குள் போங்கள்.

அதோடு காய்ச்சல், நடுக்கம், சூடு, சிவப்பு, கால் ஊன்றவே முடியாத வலி இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில நாளிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும், கிருமி ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) உள்ளவர்களுக்கும், மூட்டில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். கால் கட்டைவிரலில் வருகிற யூரிக் அமில வீக்கமும் பார்வைக்கு இப்படியே இருக்கும். எது எது என்று வீட்டிலிருந்தபடி யாராலும் சொல்ல முடியாது, ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

விளையாடும்போது “படக்”, பிறகு வீக்கம். அல்லது முட்டி சிக்கிக்கொள்கிறது

ஃபுட்சால் ஆடுகிற தம்பிகளுக்கு இது. கால் ஊன்றியபடி உடம்பு திரும்பியது, முட்டிக்குள் “படக்” என்றது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கியது. நடு முட்டியில் இருக்கிற நார் அறுந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள வேண்டிய அடையாளம் இது. அவ்வளவு சீக்கிரம் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது. ஐஸை ஒரு துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், காலைத் தூக்கி வையுங்கள், மறுநாளுக்குள் எக்ஸ்ரே வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். நீவி விடுகிறவரிடம் முதலில் போகாதீர்கள். எலும்பு விண்டிருக்கிறதா என்று தெரியாமல் உருவினால் கெட்டது இன்னும் கெடும்.

இன்னொரு வகை, முட்டி பாதியில் மாட்டிக்கொள்வது. மோட்டாரை ஸ்டாண்டு போட்டுக் காலை இறக்குகிறார்கள், நீட்ட வரவில்லை. ஆட்டி அசைத்தால் “கிளுக்” என்று விடுபடுகிறது. இரண்டு எலும்புக்கும் நடுவில் திண்டு மாதிரி இருக்கிற குருத்தெலும்பு கிழிந்து, அந்தத் துண்டு கதவிடுக்கில் சிக்கிய துணி போல மாட்டிக்கொள்கிறது. எப்போதாவது ஒரு தடவை என்றால் டாக்டரைப் பார்க்க நாள் குறியுங்கள். மாட்டியது விடுபடவே இல்லை என்றால் அன்றைக்கே போங்கள்.

குதிகாலுக்கு மேலே “படார்”, யாரோ உதைத்த மாதிரி

நாற்பது வயதுக்காரர், வாரத்தில் ஒரு நாள் பூப்பந்து. முன்னால் பாய்கிறார், பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. குதிகால் நாண் அறுந்தது. குப்புறப் படுக்கச் சொல்லி, கட்டிலுக்கு வெளியே பாதம் தொங்க, கெண்டைச் சதையைப் பிசைந்து பாருங்கள். நல்ல காலில் பாதம் கீழே அசையும், அறுந்த காலில் அசையாது. வலி குறைவாக இருப்பதை வைத்து ஏமாறாதீர்கள், நொண்டி நொண்டி நடக்கக்கூட முடியும். சிப்ரோஃபிளாக்சசின் வகைக் கிருமிநாசினி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நாண் வலித்தாலே உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அந்த மருந்து நாணைப் பலவீனப்படுத்தும்.

காலையில் விரல் மடங்கி நிற்கிறது, நீட்டினால் “டொக்”

இது நெட்டி இல்லை. விரலை மடக்குகிற நாண், உள்ளங்கையில் ஒரு சின்ன வளையத்துக்குள் ஓடுகிறது. நாண் தடித்துப்போனால் ஊசிக்காதில் முடிச்சுப் போட்ட நூல் மாதிரி வளையத்தில் இடிக்கும். விரலின் அடியில், உள்ளங்கை ரேகைக்குப் பக்கத்தில் அழுத்தினால் பட்டாணி மாதிரி தட்டுப்படும், வலிக்கும். வெட்டுக் கத்தியையும் கிளை நறுக்கும் கத்தரியையும் வருடக்கணக்காக இறுக்கிப் பிடித்த கைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்கிறது 2023இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். அதனால் விரல் சிக்குகிறது என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “கடைசியா எப்போ ரத்தம் சோதிச்சீங்க?” சில வாரம் இரவில் விரலை நேராக வைக்கும் சிம்பு, சரிவராவிட்டால் ஒரு ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் மசியாவிட்டால் சிறிய அறுவை. நல்லபடி குணமாகிற வியாதி, விரல் மடங்கியே இறுகிப்போகும் வரை விடாதீர்கள்.

தோள்

கையைச் சுழற்றினால் தோளில் கடகடவென்கிறது, வலி இல்லை: விட்டுவிடலாம். குலை வெட்டுகிறவர் கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் வலித்து, அதற்கு மேல் போனால் வலி விட்டுவிடுகிறது என்றால் தோள் நாண் நசுங்குகிறது. கம்பு பிடிக்கிற வேலையைச் சில வாரம் குறைத்துப் பயிற்சி செய்ய வேண்டும். விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் நாண் கிழிந்திருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. சத்தமே இல்லாமல் தோள் மெல்ல மெல்ல இறுகி, முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போவது உறைந்த தோள். இதுவும் இனிப்புநீர்க்காரர்களைத் தேடி வருகிறது.

கழுத்து

நீங்களாகத் திரும்பும்போது கழுத்து “மடக்” என்றால் பயமில்லை. முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பி நெட்டி எடுக்கிறார்களே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் கழுத்தெலும்புகளுக்குள் நுழைந்து மூளைக்கு ஏறுகிற ரத்தக்குழாய்கள் இரண்டு இருக்கின்றன. வேகமாகத் திருப்பும்போது அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனாலும் பத்து நொடி சுகத்துக்காக அந்த அபூர்வத்தை ஏன் கூப்பிட வேண்டும்?

அப்படி முறித்த பிறகு இதுவரை இல்லாத கழுத்து வலி, தலைச்சுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, வாய் குழறுவது, ஒரு பக்கம் தளர்வது எது வந்தாலும் அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள். இடுப்பைத் திருகி முறித்த பிறகோ, பாரம் தூக்கிய பிறகோ, சிறுநீர் போகாமல் நின்றாலும், தொடை இடுக்கில் மரத்துப்போனாலும் அதுவும் அவசரமே.

தாடை, இடுப்பு, கணுக்கால்

கொட்டாவி விடும்போது காதுக்கு முன்னால் “டக்” என்றால், மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைகிறதா பாருங்கள். நுழைந்து, வலியும் இல்லையென்றால் சரி. வாய் திறக்காமல் மாட்டிக்கொண்டால் பல் டாக்டர். பரதம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இடுப்புப் பக்கம் நாண் எலும்பு முண்டின் மேல் குதித்துச் சத்தம் போடும், வலி வந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். கணுக்கால் சத்தமும் அப்படியே.

பச்சைக் குழந்தையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இடுப்பில் “டொக்” என்று ஏதோ நழுவுவது போல இருந்தால், ஒரு கால் குட்டையாகத் தெரிந்தால், ஒரு பக்கம் கால் விரிய மறுத்தால், காலை இழுத்துப் பார்க்காதீர்கள். அடுத்த ஊசிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே கிளினிக்கில் காட்டுங்கள். இடுப்பு மூட்டு சரியாக உட்காராத குழந்தைக்கு முதல் சில மாதங்களில் பட்டை போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நடக்க ஆரம்பித்த பிறகு தெரிந்தால் அறுவை வரைக்கும் போகும். துணி சுற்றும்போது கால்களை நேராக நீட்டி இறுக்கிக் கட்டாமல், தவளை மாதிரி மடங்கி விரிய இடம் விடுங்கள்.

காலையில் மூட்டு விறைத்து நிற்கிறது

எழுந்து அரை மணி நேரத்துக்குள் இளகிவிட்டால் தேய்மானத்தின் குணம். இரண்டு கை விரல் மூட்டும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேலும் விறைப்பு விடவில்லை, ஆறு வாரமாக இப்படித்தான் என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற வியாதி. இதற்கு நல்ல மருந்து இருக்கிறது, ஆனால் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் விரல் கோணாமல் காப்பாற்றலாம்.

ஜாமு (மலாய் மூலிகை மருந்து) குடித்தால் இரண்டே நாளில் வலி போய்விடுகிறது

இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அம்மா பால் வெட்டியவர். முட்டி நறநறக்கும், வலிக்கும். நான் படிக்கப் போயிருந்த காலத்தில், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மோட்டாரில் வந்து விற்கிற ஓர் ஆளிடம் பாக்கெட்டில் அடைத்த பொடி வாங்கியிருக்கிறார். இரண்டே நாளில் படி ஏறினார். ஆறு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது அம்மாவின் முகம் நிலா மாதிரி உருண்டிருந்தது. எல்லாரும் “நல்லா சதை போட்டுட்டாங்க” என்றார்கள். கையைப் பிடித்துப் பார்த்தேன், தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, லேசாக இடித்த இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. வயிறு பெருத்து, கை கால் மெலிந்து, சர்க்கரை ஏறியிருந்தது. அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று டாக்டர் முகத்தைப் பார்த்தவுடன் சொன்னார்.

மூட்டு வலிக்கு என்று விற்கிற பதிவில்லாத ஜாமுவிலும் மூலிகைப் பொடியிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டுத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது. அதனால்தான் வலி மந்திரம் போட்டது போல மறைகிறது. உள்ளே எலும்பு பலவீனமாகிறது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன, கிருமியை எதிர்க்கும் சக்தி குறைகிறது.

வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எம்ஏஎல் (MAL) என்ற மூன்று எழுத்து, அதற்குப் பின்னால் எட்டு இலக்கம், அதை அடுத்து ஓர் எழுத்து இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்துக்கு அந்த எழுத்து டி (T). பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம், பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிட வேலை.

ஏற்கெனவே பல வாரமாகச் சாப்பிட்டுவருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை விட்டுவிடும். திடீரென்று நின்றால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே வரலாம். பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்கள். அம்மாவுக்குப் பல மாதம் ஆனது.

எங்கே, எப்படிப் போவது

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கினால் எலும்பு நிபுணரைப் பார்க்கலாம், எங்கள் பக்கத்துக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. வேலையில் அடிபட்டு வந்த மூட்டுக் கோளாறு என்றால் அன்றைக்கே மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) ஆபீசிலோ சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். “சின்ன அடிதானே” என்று மூன்று மாதம் கழித்துப் போனால் நிரூபிக்கக் கஷ்டம்.

டாக்டர் அறையில் நம் பெரியவர்கள் பாதி விஷயத்தைச் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். “லுத்துட் சாக்கிட்” (முட்டி வலி) என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இன்னும் மூன்று மலாய்ச் சொல் கையில் இருக்கட்டும்: வீங்குகிறது என்பதற்கு “பெங்காக்”, சிக்கிக்கொள்கிறது என்பதற்கு “தெர்சங்குட்”, மரத்துப்போகிறது என்பதற்கு “கெபாஸ்”. இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டால் டாக்டர் கைலியைச் சுருட்டச் சொல்லி முட்டியைத் தொட்டுப் பார்ப்பார். சத்தம் டாக்டர் முன்னால் வராமல் போனால், வீட்டில் வரும்போதே பேரப்பிள்ளையை விட்டுக் கைப்பேசியில் பிடித்து வையுங்கள். முட்டி முழுவதும் படத்தில் தெரிய வேண்டும், எந்த மடக்கத்தில் வருகிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டியது.